மூன்றில் ஒரு பங்கு

காட்டுப்பாக்கம்,
7-1-1990, ஞாயிறு.

தம்பி பால்ராஜ், எப்படியப்பா இருக்கிறாய்? ஜபல்பூர்க் குளிர் உடம்புக்கு ஒத்துக்கொண்டதா? பார்வதத்தின் முழங்கால் வலி தேவலையா? உன் பெரியவன் இந்தி பேசுகிறானா? கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டுவிட்டேன். கோபத்தில் இருக்கிறவனும் நலம் கேட்டுவிட்டுத்தான் சண்டை போட வேண்டும்.

இதை எழுதுகிற கை என் பெண் நாகவல்லியின் கை இல்லை. தையல் கடை பரந்தாமனின் கை. எட்டாவது வரைக்கும் படித்தவன். உட்காருவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டான்: "அண்ணாத்தே, நீ பேசற மேரியே எனக்கு எயுத வராது. என் கைக்கு இஸ்கூல் எயுத்துதான் வரும். ஆனா ஒரு பேச்சக்கூட வுடமாட்டேன்." கத்திரிக்கோல்மேல் கை வைத்து சத்தியம் செய்தான். வெட்டுகிற சாமான் மேலேயே வெட்டமாட்டேன் என்று சத்தியம். அதனால் நம்பினேன்.

வியாழக்கிழமை நாகவல்லிக்கு ஊசி போடுகிற நாள். ஊசிச் சீட்டைக் காணவில்லை. அவள் பின்பக்கம் குளித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய தகரப் பெட்டியைத் திறந்தேன். அந்தப் பெட்டி உனக்கு ஞாபகம் இருக்கும், பக்கத்து வீட்டில் நீ குடியிருந்தபோது உன் மனைவி பார்வதம் கொடுத்ததுதான். மூடி ஒரு பக்கம் கோணல். அந்தக் கோணலை நிமிர்த்துகிறேன் என்று சுத்தியல் எடுத்துப்போய் நீ விரலை நசுக்கிக்கொண்டாய். சரி, அது வேறு கதை.

பெட்டிக்குள் ஒரு காகிதக் கட்டு. எனக்குப் படிக்கத் தெரிந்தது என் பெயர் ஒன்றுதான். கம்பெனியில் பெருவிரல் உருட்டினால் சிரிக்கிறார்கள் என்று நாகவல்லிதான் சொல்லிக்கொடுத்தாள். அந்தப் பெயர் பதினோரு காகிதத்தின் அடியிலும் இருந்தது. நான் போட்ட கையெழுத்து. உனக்கு நான் அனுப்பின கடிதங்கள்! போஸ்ட் ஆபீஸ் தாண்டி, ரயில் ஏறி, வடக்கே போன கடிதம் என் வீட்டுப் பெட்டிக்குள் எப்படி வந்தது? போதாததற்கு ஒவ்வொன்றிலும் சிவப்பு மசியில் ஒரு வட்டம்.

பரந்தாமனிடம் கொண்டுபோனேன். ஐப்பசியில் அனுப்பியதைப் படித்தான். "அன்புள்ள தம்பிக்கு, இங்கு அனைவரும் நலம். பருவமழை நன்கு பெய்தது. மருத்துவமனைக்குச் சென்று வந்தோம். நாகவல்லி ஊக்கத்துடன் படித்து வருகிறாள். இப்படிக்கு வேம்புலி." அவ்வளவுதான். பக்கத்தில் உன் சிவப்பு எழுத்து: "தேவையற்ற செய்திகள் நீக்கப்பட்டுள்ளன. நன்று. பத்துக்கு எட்டு."

பால்ராஜ், அன்றைக்கு நான் சொன்னது இதுவா? விளக்கு வைத்த நேரத்தில் ஆரம்பித்து சோறு ஆறுகிற வரைக்கும் சொன்னேன். குமணன்சாவடியில் பஸ் ஏறின ஆள் பைக்குள் சேவல் வைத்திருந்ததைச் சொன்னேன். கண்டக்டர் சேவலுக்கு அரை டிக்கெட் கேட்டதைச் சொன்னேன். "உயிரு கீது இல்ல? அப்போ டிக்கெட்டு கீது" என்றான் அவன். "அது நிக்கலயே சார், பைல குந்திகினுதான வருது" என்றான் இவன். பஸ்ஸே சிரித்தது. அதே சேவல்காரன் ஆஸ்பத்திரி வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்றான். டாக்டர் அறை வாசலில் சேவல் கூவிவிட்டது. டாக்டரம்மா சிரித்துக்கொண்டே நாகவல்லியின் கையைப் பிடித்தார்கள். விரல் மூட்டுகளைத் தொட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. "இந்தக் கை ஒரு நாளைக்கு எத்தனை பக்கம் எழுதுது?" என்று கேட்டார்கள். ஏழெட்டு என்றேன். "ஒண்ணுக்கு மேல எழுதினா, நாளைக்கு இது சோறு பிசையக்கூட ஆகாது" என்றார்கள்.

இதை உனக்குச் சொல்லத்தான் அந்தக் கடிதமே. "எழுத்தைக் குறைத்துவிடு தம்பி. சரித்திரத்தை அவள் வாயால் சொல்லட்டும், நான் கேட்கிறேன்" என்று சொன்னேன். சேவலை வெட்டினாள், போகட்டும். சேவலுக்குப் பின்னால் நின்ற டாக்டரையும் சேர்த்து வெட்டிவிட்டாள். அதற்கு நீ எட்டு மார்க் போட்டாய்.

கார்த்திகையில் மறுபடி சொன்னேன். மார்கழியிலும் சொன்னேன். பதிலே இல்லை. பெரிய ஃபேக்டரி, பெரிய ஊர், நம்மை மறந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரி பொன்னியம்மா மட்டும் சிரிக்கிறாள். "உன் பேச்ச மூணுல ஒண்ணா கொறைக்க ஆளு கெடச்சா நானே கூலி குடுத்து வெச்சிருப்பேனே" என்கிறாள். அவளுக்கு எல்லாம் விளையாட்டு.

எனக்கு ஒன்று சொல். நான் பேசினது உன் வீட்டுக்கு எப்போதாவது வந்து சேர்ந்ததா? இல்லையென்றால் இந்த ஒரு வருஷமாய் நான் யாரிடம் பேசிக்கொண்டிருந்தேன்?

இப்படிக்கு, இந்த முறை நிஜமாகவே,
வேம்புலி.


ஜபல்பூர்,
17-1-1990.

அன்புள்ள வேம்புலி அண்ணாச்சிக்கு,

பால்ராஜ் வணக்கத்துடன் எழுதுவது. எட்டுப் பக்கக் கடிதம் கிடைத்தது. பார்வதம் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து முழுவதையும் கேட்டாள். சேவல் கதைக்குச் சிரித்தவள், அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் வாத ஜுரம் வந்து நாகவல்லி ஒன்பதாவதில் நின்றபோது, வீட்டிலிருந்தே படித்துப் பத்தாவதைத் தனியாக எழுதலாம் என்று சொன்னவன் நான்தான். கால அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டியவனும் நான்தான். காலையில் தமிழ்க் கட்டுரை ஒரு மணி நேரம். பிறகு சரித்திரம், விஞ்ஞானம், பூகோளம், எல்லாவற்றிலும் விடை எழுதிப் பார்ப்பது. மாற்றலாகி இங்கே வந்த பிறகு, விடைத்தாள்களைத் தபாலில் வாங்கித் திருத்தி அனுப்பினேன்.

போன வருஷம் ஜனவரியில் அவளே எனக்கு எழுதினாள்: "மாமா, மழைக்காலத்தைப் பற்றிக் கட்டுரை எழுதி முடிப்பதற்குள் அசோகர் நின்றுபோகிறார். அசோகரை எழுதினால் தவளையின் இதயம் நின்றுபோகிறது. எதை விடட்டும்?" நியாயமான கேள்வி. பள்ளிக்கூடத்தில் ஐந்து வாத்தியார் ஐந்து பக்கம் இழுப்பார்கள், யாராவது ஒருவர் விட்டுக்கொடுப்பார். இங்கே இழுப்பவன் நான் ஒருவன். எதையும் விட எனக்கு மனம் வரவில்லை.

யோசித்து ஒரு வழி கண்டேன். எழுதிப் பழகுவதற்கென்று தனி நேரம் வேண்டாம். அசோகரையே முன்னுரை, முடிவுரையோடு கட்டுரையாக எழுது. தவளையை விளக்கும்போதே வாக்கியத்தைச் சுத்தமாக எழுது. ஒரே விடைக்கு இரண்டு மார்க் போட்டேன், பாடத்துக்கு ஒன்று, மொழிக்கு ஒன்று. கட்டுரை இப்படிப் பாடத்தில் கரைந்தது. சுருக்கி வரைதல் மட்டும் எதிலும் கரையவில்லை. ஒரு நீண்ட பகுதியைக் கொடுத்து, மூன்றில் ஒரு பங்காக்கச் சொல்வார்கள். அதற்கு நீண்ட பகுதி எங்கே போய்த் தேடுவது? நீங்கள் மாதம் ஒரு முறை, ஒரு மணி நேரம் பேசுவது ஞாபகம் வந்தது. அப்பா சொல்வதைக் கேள், தேவையானதை மட்டும் எழுது, அதையே எனக்கு அனுப்பு, திருத்தித் திருப்பி அனுப்புகிறேன் என்றேன். உங்களிடம் சொல்லாதது பிழைதான். சொன்னால் தாராளமாகப் பேசமாட்டீர்கள் என்று நினைத்தேன்.

ஆனால் டாக்டர் சொன்னதை அவள் விடுவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கை வீக்கம் பற்றி எனக்கு ஒரு வரி கூட வரவில்லை. தெரிந்திருந்தால் அன்றைக்கே எழுத்தை நிறுத்தியிருப்பேன். இதை நீங்கள் நம்ப வேண்டும்.

பரீட்சைக்கு இன்னும் இரண்டரை மாதம்தான். கோபத்தில் அவள் படிப்பை நிறுத்திவிடாதீர்கள்.

அன்புடன்,
பால்ராஜ்.


காட்டுப்பாக்கம்,
28-1-1990, ஞாயிறு.

பால்ராஜ்,

உன் கடிதம் வந்தது. பரந்தாமன் படித்ததும் எனக்கு மனசு கொஞ்சம் இளகியது, பொய் சொல்வானேன். அட, பையன் என் பேச்சில் ஒரு உபயோகம் கண்டுபிடித்திருக்கிறான் என்றுகூட நினைத்தேன். நான் இரும்பு வார்க்கிற ஃபவுண்டரியில் மணல் சலிக்கிறவன். சல்லடைமேல் நிற்கிற கல்லையும் கட்டியையும் எறிந்துவிட்டு, கீழே விழுகிற மாவைத்தான் அச்சுக்குக் கொடுப்போம். அந்த மாதிரி என் பேச்சை என் பெண் சலித்தாள், எதைக் கொட்டுவது என்று தெரியாமல் கொட்டிவிட்டாள் என்று சமாதானம் செய்துகொண்டேன். அன்றைக்குச் சோறு வடித்த பானை கழுவாமல் கிடந்தது, அதைக்கூட நானே கழுவினேன். அவ்வளவு சந்தோஷம்.

பிறகு பரந்தாமனிடம், "மீதிக் கடுதாசியையும் படிச்சிடு, இன்னா இன்னா வெட்டி கீறான்னு பாக்கலாம்" என்றேன். சும்மா ஒரு ஆசைதான். ஒவ்வொன்றாகப் படித்தான். ஏழாவதைக் கையில் எடுத்தான். முன்பக்கம் படித்தான். பின்பக்கம் திருப்பினான். படிக்கவில்லை. எழுந்துபோய்த் தையல் மிஷின் சக்கரத்தைச் சும்மா சுற்றிக்கொண்டு நின்றான்.

"இன்னாடா?"

"வோணாம் அண்ணாத்தே."

"கத்திரிக்கோல் மேல சத்தியம் பண்ணியா இல்லியா?"

படித்தான். உன் சிவப்பு எழுத்து. உனக்கு மறந்திருக்கும், நான் சொல்கிறேன். "எழுத்து சாய்கிறது. வீக்கம் வடியும் வரை பேனாவில் துணி சுற்றிப் பிடி. வீக்கத்தைப் பற்றி நீ எனக்குத் தனியாக எழுதியது அப்பாவுக்குத் தெரிய வேண்டாம், படிப்பை நிறுத்திவிடுவார். பரீட்சை வரை பொறுத்துக்கொள். பத்துக்கு எட்டு."

ஒரு வரி கூட வரவில்லை என்று எழுதினாயே பால்ராஜ்.

நான்கு வருஷம் ஒரே கிணற்றில் தண்ணீர் இறைத்தோம். உன் பெரியவனுக்கு அம்மை வார்த்தபோது என் வீட்டு வேப்பமரத்தைத்தான் மொட்டையடித்தோம். நீ படித்தவன், நான் படிக்காதவன். அதனால் என் பெண்ணை உன் கையில் கொடுத்தேன். அவள் கை வீங்குகிறது என்று நான் மூன்று தடவை கத்தினேன். நீ அவளோடு சேர்ந்துகொண்டு காது கேளாதவன் மாதிரி உட்கார்ந்திருந்தாய். படிக்காதவனை ஏமாற்றப் பெரிய சாமர்த்தியம் வேண்டாமே அப்பா. ஒரு சிவப்புப் பேனா போதும்.

நாகவல்லியைக் கேட்டேன். மறைக்கவில்லை. "மாமா சொல்லி நான் வுடல நைனா. நானாதான் வுட்டேன். நீ ஒரு பக்கம் எயுதுன்னா, ஒரு பக்கத்துல பத்தாவது பாஸ் பண்ண முடியுமா?" என்றாள்.

"உங்கை போயிடும்டி."

"ரெண்டு வருசமா இந்த ஊட்டுக்குள்ளியே குந்திகினு கீறேன். போவட்டும்."

நான் கையை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. பொன்னியம்மா குறுக்கே வந்தாள் என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் அவள் வருவதற்கு முன்னாலேயே என் கை தானாக இறங்கிவிட்டது. அவள் விரலைப் பார்த்தேன், அதனால். துணி சுற்றிய பேனாவும் பார்த்தேன். என் பழைய வேட்டி ஓரம் அது. எலி கடித்தது என்று நினைத்திருந்தேன்.

புத்தகம், நோட்டு, உன் கால அட்டவணை எல்லாம் பரண்மேல் ஏறிவிட்டது. அவள் என்னிடம் பேசி நாலு நாள் ஆகிறது. பரீட்சை இல்லை. எனக்கு இனிமேல் எழுதாதே.

வேம்புலி.


ஜபல்பூர்,
6-2-1990.

அண்ணாச்சி,

எழுதாதே என்ற பிறகும் எழுதுகிறேன். பரந்தாமன் தம்பி தயவுசெய்து இதைப் படித்துக்காட்ட வேண்டும்.

பொய்தான். போன கடிதத்தில் நான் எழுதியது பொய். ஆகஸ்ட் மாதமே நாகவல்லி எழுதிவிட்டாள். "மாமா, காலையில் விரலை மடக்க முடியவில்லை, மத்தியானம் சரியாகிவிடுகிறது. அப்பாவிடம் சொன்னால் நிறுத்திவிடுவார்" என்று. அந்தக் கடிதத்தை மூன்று நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். உங்களுக்கு எழுத ஒரு காகிதத்தில் ஆரம்பித்துக் கிழித்தும் போட்டேன். பிறகு துணி சுற்றச் சொன்னேன். கடுமையான ஒரு பாடத்தைக் குறைத்திருக்கலாம். ஒன்றைக் குறைத்தாலும் அதில் ஃபெயில் ஆகிவிடுவாளோ என்று பயந்து ஒன்றையும் குறைக்கவில்லை.

உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நியாயத்துக்காக இல்லை, தெரியட்டும் என்று. எனக்கு புஷ்பா என்று ஒரு தங்கை. ஊரில் ஒன்பதாவது படிக்கும்போது மஞ்சள் காமாலை வந்தது. எங்கப்பா, "ஒரு வருசம் ஓய்வா இருக்கட்டும்லா, பொறவு சேத்துக்கிடலாம்" என்றார். அந்த ஒரு வருஷம் முடியவே இல்லை. கல்யாணம் ஆனது, மூன்று பிள்ளைகள் ஆனது. என்னைவிட நன்றாகக் கட்டுரை எழுதியவள். போன தடவை ஊருக்குப் போனபோது, சின்னவனைப் பள்ளியில் சேர்க்க விண்ணப்பம் எழுத அடுத்த வீட்டுக்காரரிடம் நின்றுகொண்டிருந்தாள். "நீயே எழுதேன்" என்றேன். "கை வரமாட்டேங்குண்ணே" என்றாள்.

ஓய்வு என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பயம். அந்தப் பயத்தை உங்கள் மகள் விரல்மேல் வைத்தேன். அது என் தங்கையின் பரீட்சை, உங்கள் மகளின் கை. கேட்க வேண்டியவர் நீங்கள். உங்களைத்தான் கேட்கவில்லை.

பார்வதம் என்னோடு பேசுவதில்லை. அதையும் எழுதிவிடச் சொன்னாள்.

ஒரே ஒரு விஷயம். கை முடியாதவர்கள் வாயால் சொல்ல, வேறொருவர் எழுதலாம் என்று பரீட்சையில் இடம் இருக்கிறது. டாக்டர் சான்றிதழ் வேண்டும். எழுதுபவர் அவளைவிடக் கீழ் வகுப்பில் இருக்க வேண்டும். இங்கே ஒரு வாத்தியாரிடம் விசாரித்தேன். அங்கேயும் கேட்டுப் பாருங்கள். இது ஆகஸ்டிலேயே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. எழுதுவது என்றால் கையால்தான் என்று நானும் நினைத்துவிட்டேன்.

என்னை மன்னிக்க வேண்டாம். அவள் பரீட்சையை நிறுத்தாதீர்கள்.

பால்ராஜ்.


காட்டுப்பாக்கம்,
25-2-1990, ஞாயிறு.

பால்ராஜ்,

நான் உனக்கு எழுதுகிறேன் என்பதால் கோபம் தீர்ந்தது என்று நினைக்காதே. கோபம் அப்படியே இருக்கிறது. ஒரு சேதி பாதியில் நிற்கிறது, அதைச் சொல்லி முடிக்கத்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா சான்றிதழ் எழுதினார்கள். எழுதும்போது, "இதை அஞ்சு மாசம் முன்னாடி கேட்டிருக்கலாமே" என்றார்கள். நான் உன் பெயரைச் சொல்லவில்லை. பரீட்சை ஆபீசில் ஒரு குமாஸ்தா இருந்தார், நெற்றியில் இவ்வளவு பெரிய விபூதி, நாகவல்லி வயசில் அவருக்கும் ஒரு பெண் இருக்கிறதாம், அவள் கணக்கில் மட்டும் வீக்காம், அதற்கு அவர் திருவேற்காடு போய் வேண்டிக்கொண்டாராம். அவர் கதையை முழுசாகக் கேட்டேன். கேட்டு முடித்த பிறகு வேலை சட்டென்று ஆனது. பார், கதை கேட்பதில் எவ்வளவு லாபம். உன்னை மாதிரி ஆள் போயிருந்தால் நடுவில் வெட்டியிருப்பாய்.

சான்றிதழை நாகவல்லி கையில் கொடுத்தேன். ஒரு மாசம் கழித்து அன்றைக்குத்தான் வாயைத் திறந்தாள்.

"தமிழு மட்டும் நானே எயுதறேன் நைனா."

"இன்னாத்துக்கு? அதான் எயுத ஆளு குடுக்கறாங்களே."

"அசோகர எவ எயுதினாலும் அசோகர்தான். தவளைய எவ எயுதினாலும் தவளதான். கட்டுரைய நான் ஒண்ணு சொல்லி, அவ ஒண்ணு எயுதினா? நான் சொன்னத வுட்டுட்டா? எனக்கு எப்பிடித் தெரியும்?"

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். பொன்னியம்மாதான், "கேட்டியா உம் பொண்ணு நாயத்த" என்று பாத்திரத்தை நங்கென்று வைத்தாள். அழுதது மூன்று பேரும்தான். அதை நீ சுருக்கி எழுதிக்கொள்.

டாக்டரம்மாவைக் கேட்டேன். தமிழ் இரண்டு நாள் மட்டும் என்றால் சரி, அதுவரைக்கும் பேனாவைத் தொடக்கூடாது என்றார்கள். அதனால் இப்போது எங்கள் வீட்டில் எழுத்தே கிடையாது. நான் ஷிப்ட் முடிந்து வந்ததும் எதிரில் உட்கார்ந்து எல்லாப் பாடத்தையும் வாயால் சொல்கிறாள். நான் கேட்கிறேன். அசோகர் சண்டையை நிறுத்திய இடத்தில், எங்கள் ஃபோர்மேன் துலுக்கானம் சாராயத்தை நிறுத்தியது எனக்கு ஞாபகம் வரும், சொல்ல வாயெடுப்பேன். "நைனா, குறுக்க வராத" என்பாள். வாயை மூடிக்கொள்வேன். நான் வாயை மூடினேன் என்று ஜபல்பூரில் யாரிடமாவது சொன்னால் நம்புவார்களா?

நீ பாடமோ அட்டவணையோ அனுப்ப வேண்டாம். அந்தக் கணக்கு முடிந்துவிட்டது.

வேம்புலி.


ஜபல்பூர்,
9-3-1990. (தபால் அட்டை)

அண்ணாச்சி, கடிதம் கண்டேன். அட்டவணை அனுப்பமாட்டேன். பரீட்சை நாட்களில் காலையில் விரல்களை வெந்நீரில் வைத்துவிட்டு அனுப்புங்கள். இது பாடம் இல்லை. பார்வதம் சொல்லச் சொன்னது. பால்ராஜ்.


பூந்தமல்லி,
12-4-1990, வியாழன்.

பால்ராஜ்,

இதைப் பள்ளிக்கூடத்துக்கு எதிரில் கரும்புச்சாறு கடைப் பெஞ்சில் உட்கார்ந்து சொல்கிறேன். பரந்தாமன் துணி எடுக்க வந்தான், பிடித்து உட்காரவைத்துவிட்டேன். இன்றைக்குக் கடைசிப் பரீட்சை. சரித்திரம், பூகோளம். கரும்புச்சாறுக்காரன் இஞ்சி போடாமல் பிழிகிறான், கேட்டால் வெயிலுக்கு இஞ்சி ஆகாதாம். எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறாயா?

தமிழ் இரண்டு நாளும் அவளே எழுதினாள். முதல் நாள் வெளியே வந்தபோது கை, வேகவைத்த சேப்பங்கிழங்கு மாதிரி இருந்தது. அழவில்லை. "முடிச்சிட்டியா?" என்றேன். "முடிச்சிட்டேன்" என்றாள். இரண்டாம் நாள் கடைசிக் கேள்வி பாதியில் நின்றுவிட்டதாம். அதற்குப் பிறகு எல்லாம் வாய்தான். எழுதித்தருகிற பெண் பத்மா, ஒன்பதாவது படிக்கிறாள். நாகவல்லி ஒவ்வொரு விடைக்கும் அதைத் திருப்பிப் படிக்கச் சொல்லிக் கேட்கிறாளாம். அந்தப் பெண் என்னிடம் வந்து, "இன்னா மாமா, உங்க பொண்ணுக்கு எம்மேல நம்பிக்கையே இல்ல" என்று குறைப்பட்டது. கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தேன்.

பாஸாவாளா, தெரியாது. கை இப்படியே நிற்குமா, அதுவும் தெரியாது. டாக்டரம்மா ஆடி வரைக்கும் பார்க்கலாம் என்கிறார்கள். இரண்டில் ஒன்று தேறினால்கூட இன்னொன்றுக்காக உன்னைத் திட்டுவேன். இரண்டும் தேறினாலும், என் வீட்டில் எனக்குத் தெரியாமல் நீ ஒரு வருஷம் நடத்திய பள்ளிக்கூடத்தை மறக்கமாட்டேன். பார்வதத்துக்கு மட்டும் வெந்நீர் நல்ல யோசனை என்று சொல்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். காலையில் உள்ளே போகும்போது நாகவல்லி ஒரு கவரை என் கையில் கொடுத்தாள். "மாமாவுக்கு. போஸ்ட்டுல போட்டுடு நைனா" என்றாள். ஒட்டியிருக்கிறது. கனமாக இருக்கிறது, நாலைந்து பக்கம் இருக்கும். வலது கையில் எழுதினாளா, இடது கையில் எழுதினாளா, பத்மாவிடம் சொல்லி எழுதினாளா, தெரியாது. தெரியாதவன் நான்தானே எப்போதும்.

பரந்தாமன் கேட்கிறான்: "பிரிச்சிப் படிக்கட்டா அண்ணாத்தே? மறுபடி ஒட்டிக்கலாம், எங்கிட்ட பசை கீது."

வேண்டாம் என்றேன். ஒரு தடவை சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் சொன்னேன், அவனுக்கு இல்லை, எனக்கு. திட்டியிருக்கலாம். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அடுத்த படிப்புக்கு வழி கேட்டிருக்கலாம். என்னைப் பற்றிக்கூட இருக்கலாம். அவள் உனக்குச் சொன்னது உனக்கே வரட்டும், முழுசாக, சொன்ன அளவிலேயே. இந்தக் கடிதத்தோடு சேர்த்து ஒரே உறையில் வைக்கிறேன். நீ அவளுக்குப் பதில் எழுது. அதை அவள் எனக்குப் படித்துக்காட்ட வேண்டும் என்றும் நான் கேட்கப்போவதில்லை.

மணி அடித்துவிட்டது. பெண்கள் வருகிறார்கள். என்ன கூச்சல், மசி தெளித்துக்கொள்கிறார்கள். அவளைக் காணோம். பரந்தாமா, நீ எழுது, நிறுத்தாதே.

பால்ராஜ், உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன், இனிமேல் வேறு எதையும் கேட்கமாட்டேன். அந்தக் கவருக்குள் அவள் கையைப் பற்றி, வலியைப் பற்றி, ஒரு வரி இருந்தாலும் சரி, அதை மட்டும் நீ எதுவும் குறைக்காமல், எனக்கு நல்லது கெட்டது நீ தீர்மானிக்காமல், அன்றைக்கே ஒரு கார்டில்

அதோ கூப்பிடுகிறாள். "நைனா, பஸ்ஸு நிக்குது, வா வா!" இரும்மா, இதோ, பரந்தாமா அதை எழுதிவிடு, அன்றைக்கே ஒரு கார்டில் எனக்கு